கரண்ட் போய் மூணு நாள்... போனுக்கு சார்ஜ் எங்கிருந்து எடுப்பது?

2023 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் பக்கமெல்லாம் தெருக்கள் ஏரியாக மாறின. தேங்கிய தண்ணீரில் மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்று பல பகுதிகளில் சப்ளையை நிறுத்தினார்கள். சில இடங்களில் அது திரும்பி வர மூன்று, நான்கு நாள் ஆனது.

முதல் நாள் எல்லோரும் பால்கனியில் நின்று வீடியோ எடுத்தார்கள், ஸ்டேட்டஸ் போட்டார்கள். இரண்டாம் நாள்தான் உறைத்தது. படகு கேட்டு யாரையாவது அழைக்க வேண்டும். அப்பாவின் சுகர் மாத்திரை தீரப்போகிறது. பால் பாக்கெட் விற்பவரிடம் கொடுக்கப் பர்ஸில் காசு இல்லை, எல்லாம் ஜிபேயில் இருக்கிறது. வெளியூரில் இருக்கும் அக்கா, 'லாஸ்ட் சீன்' நேரத்தையே பார்த்துக்கொண்டு பதறிக்கொண்டிருப்பார். போனில் மிச்சம் இருப்பதோ ஒற்றை இலக்கச் சதவீதம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்படித் தவித்த பல வீடுகளில், கரண்ட் போன நிமிடத்தில், ஹாலின் மூலையில் 30 போன்களுக்கு மேல் ஃபுல் சார்ஜ் போடும் அளவு மின்சாரம் இருந்தது. இன்வெர்ட்டர் பேட்டரிக்குள். ஒரே ராத்திரியில் அதை மின்விசிறி சுழற்றித் தீர்த்துவிட்டது.

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

ஒரு போன் எவ்வளவு குடிக்கும்?

பேட்டரி என்றாலே நமக்கு எம்.ஏ.ஹெச்தான் ஞாபகம் வரும். ஆனால் போன், லேப்டாப், பைக், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க அது உதவாது. ஒவ்வொன்றின் வோல்டேஜும் வேறு. அதற்கு 'வாட் ஹவர்' என்ற அளவுதான் சரி. வோல்டையும் ஆம்பியர் ஹவரையும் பெருக்கினால் வாட் ஹவர்.

இப்போது பலர் கையில் இருக்கும் 5,000 எம்.ஏ.ஹெச் போன் பேட்டரி சுமார் 19 வாட் ஹவர். சார்ஜ் ஏறும்போது கேபிளிலும் சர்க்யூட்டிலும் சூடாக வீணாவதையும் சேர்த்தால், பூஜ்ஜியத்திலிருந்து நூறு வரை ஏற்ற 25 வாட் ஹவர் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த 25-ஐ மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் வகுத்தல் கணக்கு.

வீடுகளில் பரவலாக இருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் இன்வெர்ட்டர் பேட்டரி: 1,800 வாட் ஹவர். லெட் ஆசிட் பேட்டரியை அடிவரை உறிஞ்சக் கூடாது என்பதால் பாதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், 900. அதாவது 36 போன். பழைய பேட்டரி என்றால் இன்னும் குறையும், இருபது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஐந்து நாள் தாங்கும்.

பழைய மாடல் சீலிங் ஃபேன் ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும். ஒரு மணி நேரம் அது சுற்றினால் மூன்று போனின் முழு சார்ஜ் போச்சு. ஒரு ஃபேன், ஒரு டியூப்லைட் போட்டுத் தூங்கினால் விடிவதற்குள் பேட்டரி படுத்துவிடும். கொசுவும் புழுக்கமும் உள்ள ராத்திரியில் ஃபேனை நிறுத்துங்கள் என்று சொல்வது எளிது, செய்வது கஷ்டம்தான். ஆனால் கரண்ட் இன்று வராது என்று தெரிந்த பிறகும் ஃபேனை ஓடவிடுவது எதற்கு ஈடாக என்றாவது தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? வீட்டில் பி.எல்.டி.சி ஃபேன் இருந்தால் நிலைமை பரவாயில்லை. அது இழுப்பது 30 வாட் பக்கம்தான்.

இன்வெர்ட்டரில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. எந்தச் சுமையும் இல்லாமல் சும்மா ஆன் செய்து வைத்திருந்தாலே அதன் சர்க்யூட் 10 முதல் 20 வாட் வரை தின்னும். ஒரே ஒரு போனை 10 வாட் வேகத்தில் சார்ஜ் போட அதை ஆன் செய்தால், போனுக்குப் போவதைவிட இன்வெர்ட்டருக்குப் போவது அதிகமாகக்கூட இருக்கும். அதனால் வீட்டில் உள்ள எல்லா போன், பவர் பேங்க், லேப்டாப்பையும் ஒரே நேரத்தில் மாட்டி, ஏறி முடித்ததும் இன்வெர்ட்டரின் முன்பக்க ஸ்விட்சையே அணைத்துவிடுவதுதான் சிக்கனம்.

இன்வெர்ட்டர் பீப் அடித்து கட் ஆகிவிட்டதா? அப்போதும் கதை முடியவில்லை. வோல்டேஜ் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் இன்வெர்ட்டர் தன்னை நிறுத்திக்கொள்கிறதே தவிர, பேட்டரி முழுக்கக் காலி இல்லை. கார் உதிரிபாகக் கடைகளில் 12 வோல்ட் சாக்கெட் ஒன்று கிடைக்கும். ஒரு முனையில் சிவப்பு, கறுப்பு கிளிப், மறுமுனையில் காரில் இருப்பது போன்ற லைட்டர் சாக்கெட். கிளிப்பை பேட்டரியின் இரண்டு முனைகளில் மாட்டி, சாக்கெட்டில் சாதாரண கார் சார்ஜரைச் செருகினால் இன்வெர்ட்டரின் தயவு இல்லாமலே போன் ஏறும். ஃபியூஸ் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். சிவப்பு பிளஸ்ஸில், கறுப்பு மைனஸில். இரண்டு பேட்டரி சேர்த்த 24 வோல்ட் செட் என்றால் ஒரு பேட்டரியின் முனைகளில் மட்டும் மாட்டலாம். இப்படி அடிவரை எடுப்பது பேட்டரியின் ஆயுளுக்கு நல்லதல்ல, அவசரத்துக்கு மட்டும்தான். இன்வெர்ட்டரோ பேட்டரியோ தண்ணீரில் நனைந்திருந்தால் கிட்டவே போக வேண்டாம்.

வாசலில் நிற்கும் வண்டி

அடுத்த பெரிய பேட்டரி வாசலில் நிற்கிறது. ஒரு சின்ன காரின் பேட்டரி 12 வோல்ட், 35 முதல் 45 ஆம்பியர் ஹவர், அதாவது 420 முதல் 540 வாட் ஹவர் வரை. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே நாலைந்து போனுக்கு எடுக்கலாம், பிறகும் செல்ஃப் எடுக்கும். பேட்டரி புதிதாக இருந்தால்! ஆனால் சாவியைத் திருப்பியதும் பெரிய டச் ஸ்கிரீனும் பாட்டும் உயிர்பெறும், போன் சார்ஜைவிட அதுதான் அதிகம் குடிக்கும். அதை அணைத்துவிட வேண்டும்.

பைக்கும் ஸ்கூட்டரும் வேறு கணக்கு. 110 சிசி ஸ்கூட்டரின் பேட்டரி நாலைந்து ஆம்பியர் ஹவர்தான். மொத்தமே 50, 60 வாட் ஹவர். இன்ஜின் ஓடாமல் ஒரு போனை முழுக்க ஏற்றினாலே பாதி காலி, அப்புறம் செல்ஃப் எடுக்காது. முன்பெல்லாம் கிக்கரை உதைத்தால் தீர்ந்தது. இப்போதைய ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கு ஸ்டார்ட் ஆகவே பேட்டரியில் கொஞ்சம் உயிர் வேண்டும், பல வண்டிகளில் கிக்கரே கிடையாது. எனவே பைக்கில் சார்ஜ் போடுவது என்றால் வண்டி ஓடும்போதுதான். புது மாடல்கள் பலவற்றில் யூ.எஸ்.பி சாக்கெட் கம்பெனியிலேயே வருகிறது. இல்லாத வண்டிக்கு ஹேண்டில்பாரில் மாட்டித்தர எந்த மெக்கானிக்கும் ரெடி. ஸ்விகி, ஸொமேட்டோ ஓட்டும் பசங்களின் வண்டியைப் பார்த்தாலே தெரியும், அவர்களுக்கு இது ஆடம்பரம் இல்லை, சோறு போடும் சாமான்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் இருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். 3 கிலோவாட் ஹவர் பேட்டரி என்றால் 3,000 வாட் ஹவர். கணக்குப்படி நூறு போனுக்கு மேல். சீட்டுக்கு அடியிலோ முன்பக்கமோ யூ.எஸ்.பி போர்ட் உள்ள மாடலாக இருந்தால், தெருவுக்கே சார்ஜிங் ஸ்டேஷன் வைக்கலாம். புயல் எச்சரிக்கை வந்த அன்றே நூறு சதவீதம் ஏற்றி, தண்ணீர் ஏறாத மேட்டில் நிறுத்தியிருக்க வேண்டும் என்பது தனிக்கதை.

வெள்ளத்தில் முங்கிய எந்த வண்டியையும் சார்ஜுக்காக ஸ்டார்ட் செய்யக் கூடாது. இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் செலவு பல ஆயிரத்தில் தொடங்கும். இன்னொன்று இதைவிட முக்கியம். கார் இன்ஜினையோ ஜெனரேட்டரையோ மூடிய பார்க்கிங்கிலும் அறைக்குள்ளும் பால்கனியிலும் ஓடவிடக் கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம், தூக்கம் என்று வந்து உயிரை எடுத்துவிடும். மழை பெய்கிறதே என்று ஜெனரேட்டரை வராண்டாவுக்குள் இழுத்து வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு.

வொர்க் ஃப்ரம் ஹோம் விட்டுச்சென்றவை

ஐ.டி வேலை பார்ப்பவர் வீட்டில் கவனிக்கப்படாத பேட்டரிகள் நிறைய. லேப்டாப் பேட்டரி சுமாராக 50 வாட் ஹவர், இரண்டு போன். லேப்டாப்பை வேலைக்குப் பயன்படுத்தாமல், ஸ்கிரீன் வெளிச்சத்தை அடியோடு குறைத்து, டைப்-சி கேபிளில் போனை மாட்டினால் போதும். சில லேப்டாப்கள் மூடியிருக்கும்போதும் ஒரு குறிப்பிட்ட போர்ட்டில் சப்ளை தரும். பேட்டரி அல்லது மின்னல் குறி போட்ட போர்ட் அதுதான். கொரோனா காலத்தில் வைஃபை ரவுட்டருக்காக வாங்கிய குட்டி யு.பி.எஸ் இருக்கிறதா? அதில் யூ.எஸ்.பி அவுட்புட் உள்ள மாடல் என்றால் ஒரு போன் தேறும். சில ரீசார்ஜபிள் எமர்ஜென்சி லைட்டுகளிலும் அந்த வசதி உண்டு.

டிராயரில் தூங்கும் பழைய போனையும் மறக்க வேண்டாம். இரு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் பழைய போனையும் புதிய போனையும் இணைத்தால், ஆண்ட்ராய்டில் வரும் யூ.எஸ்.பி அமைப்பில் எது எதற்குச் சார்ஜ் கொடுக்க வேண்டும் என்று தேர்வு செய்யலாம். ஐபோன் 15 முதல் வந்த மாடல்களும் இன்னொரு கருவிக்கு 4.5 வாட் வரை தரும். போனின் முதுகில் இன்னொரு போனை வைத்து ஏற்றும் ரிவர்ஸ் வயர்லெஸ் வசதி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கொடுப்பதில் பெரும்பங்கு சூடாகவே போய்விடும். அதற்கு ஒரே ஒரு நல்ல உபயோகம்: நனைந்துபோன போன். சார்ஜிங் போர்ட்டில் ஈரம் இருக்கும்போது கேபிள் செருகக் கூடாது. ஆனால் பின்பக்கத்தைத் துடைத்துவிட்டு வயர்லெஸ்ஸில் ஏற்றலாம். அரிசி டப்பாவுக்குள் போனைப் புதைக்கும் வைத்தியத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அதைச் செய்யாதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-ல் சொல்லிவிட்டது, அரிசித் துகள் உள்ளே போய் போனைக் கெடுக்கும் என்பதால்.

பவர் பேங்க் எல்லோரும் அறிந்ததுதான். ஆனால் '10,000 எம்.ஏ.ஹெச் என்று போட்டிருக்கிறது, என் போன் 5,000, இரண்டு தடவை ஏறவில்லையே, ஏமாற்றிவிட்டான்' என்று கடைக்காரரோடு சண்டை போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏமாற்று இல்லை. அந்த 10,000 உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, அதாவது 37 வாட் ஹவர். அதை 5 வோல்ட்டாக ஏற்றி வெளியே அனுப்பும்போது 6,000 எம்.ஏ.ஹெச் பக்கம்தான் கிடைக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று அச்சிட்டிருப்பார்கள், அதுதான் நிஜம். ஒரு முழு சார்ஜ், மேலே கொஞ்சம். 20,000 வாங்கினால் இரண்டரை, மூன்று தடவை.

வாங்கும்போது பி.ஐ.எஸ் பதிவு எண் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். நடைபாதைக் கடையில் 50,000 எம்.ஏ.ஹெச் என்று 400 ரூபாய்க்குக் கிடைப்பதன் உள்ளே என்ன செல் இருக்கிறது என்பது செய்தவருக்கு மட்டுமே வெளிச்சம். உப்பிப்போன பவர் பேங்க்கை, சின்ன உப்பல்தானே என்று பயன்படுத்தவே கூடாது. விமானத்தில் 100 வாட் ஹவர் வரை, கைப்பையில் மட்டும். செக்-இன் பெட்டிக்குள் வைக்க அனுமதி இல்லை. 27,000 எம்.ஏ.ஹெச் என்பது கிட்டத்தட்ட அந்த எல்லை.

சூரியன் எப்போது உதவும்?

'சோலார் இருந்தா கவலையே இல்ல' என்பது பாதி உண்மை. எந்த சோலார், எந்த நாள் என்பதைப் பொறுத்தது.

பவர் பேங்க்கின் முதுகில் போன் அளவுக்கு ஒரு சோலார் தகடு ஒட்டி விற்கிறார்களே, அதை முதலில் ஒதுக்கிவிடலாம். அந்த அளவுத் தகடு நல்ல வெயிலில் தருவது ஒன்றரை வாட் போல. 37 வாட் ஹவர் பவர் பேங்க்கை அதை மட்டும் வைத்து நிரப்ப 25 மணி நேரம் உச்சி வெயில் வேண்டும். நம்மூரில் ஒரு நாளைக்கு அப்படிப்பட்ட வெயில் ஐந்து மணி நேரம் என்றாலும் ஐந்து நாள். அதற்குள் பவர் பேங்க்கும் வெயிலில் காய்ந்து சூடாகும், லித்தியம் பேட்டரிக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

புத்தகம் போல மடித்து எடுத்துச் செல்லும் 20 வாட் பேனல் வேறு ரகம். நேர் வெயிலில் 12, 14 வாட் கிடைக்கும், இரண்டு மணி நேரத்தில் ஒரு போன். மேகம் கூடினால் அது பத்தில் ஒன்றாகக்கூட இறங்கிவிடும். இங்கேதான் ஊருக்கு ஊர் வித்தியாசம்.

சென்னை வெள்ளத்தின் மூன்று நாளில் வானமே திறக்கவில்லை என்றால் பேனலை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? ஆனால் 2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் சில கிராமங்களுக்கு கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. தென்னையும் போய், கூரையும் போய், உறவுகளுக்கு நிலைமையைச் சொல்ல போனும் இல்லாமல் இருந்தவர்கள், ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களிடம் காசு கொடுத்துச் சார்ஜ் போட்டார்கள். பக்கத்து டவுன் வரை பையில் நாலைந்து போனை எடுத்துக்கொண்டு போய் வந்தார்கள். புயல் கடந்தபின் வானம் தெளிந்து வெயில் வரும் நாட்களில், தெருவுக்கு ஒரு மடக்குப் பேனல் இருந்தாலே அந்த அலைச்சல் பாதியாகக் குறையும். கரண்ட் போவது நகரத்தில் நாட்கணக்கு, கிராமத்தில் வாரக்கணக்கு. நாட்கணக்கிற்கு பேட்டரி, வாரக்கணக்கிற்கு சோலார்.

பேனல் வைத்திருப்பவர்கள் போனை நேரடியாக அதில் மாட்டாமல் இருப்பது நல்லது. மேகம் கடக்கும்போது சப்ளை விட்டு விட்டு வரும், சில போன்கள் ஒருமுறை நின்றால் திரும்ப ஏறத் தொடங்காது. பகலில் பேனலிலிருந்து பவர் பேங்க், ராத்திரி பவர் பேங்க்கிலிருந்து போன். பேனல் வெயிலில் இருக்கட்டும், பவர் பேங்க் அதன் நிழலில் இருக்கட்டும்.

இனி மொட்டைமாடி சோலார். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம் சூர்யகர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைப்பதால் தமிழ்நாட்டிலும் பல வீடுகளில் பேனல் ஏறியிருக்கிறது. 'எங்க வீட்ல சோலார் போட்டாச்சு, இனி கரண்ட் கட்டே கிடையாது' என்று நினைப்பவர்களுக்கு ஒரு அதிர்ச்சி. பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் சோலார், லைனில் கரண்ட் போன மறுநொடியே தானும் நின்றுவிடும். சுட்டெரிக்கும் வெயில், மாடியில் 3,000 வாட் பேனல், கீழே போனுக்கு 5 வாட் கிடையாது!

இது கோளாறு இல்லை, வேண்டுமென்றே அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். தெருவில் சப்ளை இல்லை என்று நம்பி லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார். அந்த நேரத்தில் ஒரு வீட்டின் பேனல் லைனுக்குள் மின்சாரத்தைத் தள்ளினால் அவர் உயிர் போகும். அதனால் கிரிட் இல்லையென்றால் இன்வெர்ட்டர் தன்னைத் துண்டித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. கரண்ட் போனபோதும் பேனல் உதவ வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும், செலவு கூடும். இனிமேல் போடப்போகிறவர்கள் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான். ஏற்கெனவே போட்டவர்களுக்கு 12 வோல்ட் பேட்டரியும் கிளிப் சாக்கெட்டும்தான் துணை.

கைப்பிடி, அடுப்பு, எலுமிச்சை

யூடியூபில் இந்தத் தலைப்பைத் தேடினால் வருவதெல்லாம் இவைதான். கையால் சுற்றும் டைனமோ சார்ஜர், விடாமல் சுற்றினால் இரண்டு வாட் தரும். ஒரு போனுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் சுற்ற வேண்டும். ஆனால் செத்துப்போன போனை எழுப்பி ஒரு எஸ்.எம்.எஸ் அனுப்ப கால் மணி நேரச் சுற்று போதும், அதற்காக ஒன்று வைத்திருப்பதில் தப்பில்லை. சைக்கிள் வீலின் நடுவில் பொருத்தும் ஹப் டைனமோ மூன்று வாட், மிதிப்பது கால் என்பதால் சுலபம். விறகு எரித்தால் யூ.எஸ்.பியில் மின்சாரம் தரும் கேம்ப் அடுப்பும் நிஜம்தான். சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்திலிருந்து இரண்டு, மூன்று வாட் எடுக்கும். மலையேறுபவர்களுக்குச் சரி. அபார்ட்மென்டில் விறகுக்கு எங்கே போவது?

ஒன்பது வோல்ட் பேட்டரி, கார் சார்ஜர், பேனா ஸ்பிரிங் வைத்து போனுக்கு உயிர் கொடுக்கும் வீடியோ பொய் இல்லை, ஆனால் அந்தப் பேட்டரிக்குள் இருப்பதே நாலைந்து வாட் ஹவர். பத்துப் பதினைந்து சதவீதம் ஏறினால் பெரிது. வெங்காயத்தில் கேபிளைச் செருகி ஐபாட் சார்ஜ் ஏற்றிய 2007 யூடியூப் வீடியோ சுத்தப் பொய். எலுமிச்சையில் செம்பும் துத்தநாகமும் குத்தினால் சுமார் 0.9 வோல்ட் வரும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் கரண்ட் மில்லிஆம்பியர் கணக்கில்தான். ஒரு போனை ஒழுங்காகச் சார்ஜ் ஏற்ற ஆயிரக்கணக்கில் பழம் வேண்டும். கோயம்பேடு மார்க்கெட்டில் லோடு இறங்கும்போது முயற்சி செய்யலாம்.

ஏற்றுவதைவிட இறக்காமல் இருப்பது

கரண்ட் இல்லாத நாளில் போன் வழக்கத்தைவிட வேகமாகக் காலியாகும். 'நான் எதுவுமே பண்ணல, அதுவா எறங்குது' என்ற புலம்பலில் உண்மை இருக்கிறது. மொபைல் டவர்களும் பேட்டரியிலும் டீசல் ஜெனரேட்டரிலும்தான் ஓடுகின்றன. அவை ஒவ்வொன்றாகச் சாய, போன் எங்கோ தூரத்தில் மிச்சமிருக்கும் டவரைத் தேடித் தேடி முழு பலத்தில் சிக்னல் அனுப்பும். பாக்கெட்டில் சும்மா இருக்கும்போதே பேட்டரி கரைவது இதனால்தான்.

எனவே சிக்னல் இல்லாத நேரத்தில் ஏரோப்ளேன் மோட். அதில் வைத்தால் அதே 5,000 எம்.ஏ.ஹெச் பேட்டரி, திரையைத் தொடாமல் இருந்தால், நாட்கணக்கில் நிற்கும். வீட்டில் நாலு போன் இருந்தால் நாலையும் ஆன் செய்து வைக்க வேண்டியதில்லை; ஒன்று மட்டும் விழித்திருக்கட்டும், அதுவும் வேறு வேறு நெட்வொர்க் சிம் என்றால் எது எடுக்கிறதோ அது. ஒவ்வொரு மணிக்கும் பத்து நிமிடம் போனை ஆன் செய்வோம் என்று வெளியூர் உறவுகளிடம் முதல் நாளே சொல்லிவிட்டால், அவர்களும் அந்த நேரத்தில் மட்டும் அழைப்பார்கள். 5ஜி-யை அணைத்து 4ஜி-க்கு மாற்றலாம். ஹாட்ஸ்பாட் வேண்டவே வேண்டாம். கால் போகாத இடத்தில்கூட எஸ்.எம்.எஸ் நுழைந்துவிடும், உதவி கேட்கும் செய்தியில் வீட்டு எண், தெரு, எந்த மாடி, எத்தனை பேர், முதியவர் அல்லது குழந்தை உண்டா என்பதை ஒரே மெசேஜில் எழுதி சேமித்து வைத்திருந்தால் சார்ஜும் மிச்சம், மீட்க வருபவருக்கும் சுலபம். மாநிலப் பேரிடர் உதவி எண் 1070, மாவட்டத்துக்கு 1077. இரண்டையும் ஒரு பேப்பரிலும் எழுதி வைக்கலாம், அதோடு நாலைந்து உறவினர் நம்பரும். போன் செத்தபின் பக்கத்து வீட்டுப் போனில் அழைக்க, எத்தனை பேருக்கு அம்மா நம்பர் மனப்பாடம்?

நிவாரண முகாமிலோ ரயில் நிலையத்திலோ பொது யூ.எஸ்.பி போர்ட்டில் செருக நேர்ந்தால், 'இந்தக் கருவியை நம்பலாமா' என்று திரையில் கேட்கும்போது வேண்டாம் என்று அழுத்திவிட்டால் டேட்டா போகாது, சார்ஜ் மட்டும் ஏறும். சொந்த அடாப்டரை ப்ளக் பாயின்டில் மாட்டினால் அந்தக் கேள்வியே எழாது. 'ஜூஸ் ஜாக்கிங்' குறித்து ரிசர்வ் வங்கியின் விழிப்புணர்வுக் கையேடும் எச்சரிக்கிறது. ஆனால் வெள்ளத்தில் மாட்டியவர் அதை நினைத்துப் பயந்து சார்ஜ் போடாமல் இருப்பதில் அர்த்தம் இல்லை.

மழைக்காலம் தொடங்கும் அக்டோபரில் செய்து வைக்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று ஒருமுறை பார்ப்பது, கிளிப் சாக்கெட்டும் கார் சார்ஜரும் வாங்கி ஒரு டப்பாவில் போட்டு வைப்பது, கூடவே ஒரு நல்ல கேபிள். பவர் பேங்க்கைப் பூஜ்ஜியத்தில் விட்டு அலமாரியில் பூட்டினால், மாதங்கள் கழித்து எடுக்கும்போது அது எழுந்திருக்காமலே போகலாம். பாதிக்கு மேல் ஏற்றி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். வானிலை மையம் ரெட் அலர்ட் கொடுத்த அன்று மாலையே அதையும் லேப்டாப்பையும் டிராயரில் இருக்கும் பழைய போனையும் நூறுக்கு ஏற்றிவிட வேண்டும்.